உள்வரவு

ஞாயிறு காலை ஆறரைக்கு
கோணம் தொழிற்பேட்டையிலிருந்து வலைக் கம்பெனி வேன் கிளம்பியது.
பச்சைத் தொப்பி இருபத்திரண்டு, கையுறை பதினைந்து ஜோடி,
ஒரு பேனர்.
பேனர் பிடிக்க எல்லோரும் தயார்.

மணக்குடியில் கடலைத் தொடுமுன்
பழையாறு கொஞ்சம் தயங்கி அகலமாகிறது.
அந்தத் தயக்கத்தில் நிற்கின்றன அலையாத்திகள்,
சேற்றுக்கு மேலே மூச்சுவேர்களை நீட்டிக்கொண்டு.
அவற்றின் கழுத்திலும் இடுப்பிலும்
நீலம், பச்சை, வெளிறிய வெள்ளை.
அறுந்த வலைகள், விட்டெறிந்த வலைகள்,
யாருக்கென்றும் இல்லாமல்
தம்பாட்டுக்குப் பிடித்துக்கொண்டிருந்த வலைகள்.

முழங்கால் வரை சேறு.
லீமாறோஸின் செருப்பை முதலில் வாங்கிக்கொண்டது,
பிறகு சுயம்புலிங்கத்தின் கைபேசியை.
"தொப்பி போனா போட்டும், கம்பெனி குடுத்தது.
சவம், இது தவணைல வாங்குனதுலா!"
அவன் துழாவத் துழாவ நாங்கள் சிரித்தோம்.
சிரித்தபடியே இழுத்தோம்.
இழுத்தால் வேரும் கூட வந்தது. பிறகு சிரிப்பு நின்றது.

இரண்டாவது மரத்தடியில் ஒரு நண்டு.
ஒரு கால் இல்லை.
மீதிக் கால்களால்
போக இடமில்லாத இடத்தில் நடந்துகொண்டிருந்தது.
விடுவிக்கக் குனிந்தேன்.
முடிச்சு இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

பழுது பார்க்கும் பகுதியில் நாங்கள் முப்பத்தொரு பேர்.
எந்திரம் விட்ட கண்ணை ஊசிகொண்டு கட்டுகிறவர்கள்.
முப்பது பேரின் முடிச்சு வலப்பக்கம் சாயும்.
நான் இடங்கைக்காரி.
சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் பத்ரோஸ் சார்
என் முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார்,
பல்லால் கடித்தும் பார்த்தார்.
"எந்தப் பக்கம் சாய்ஞ்சா என்ன பிள்ளே,
இது செத்தாலும் அவுராது."
அன்று சாயங்காலம் வேப்பமூட்டில் இறங்கி
வீட்டுக்கு ரசவடை வாங்கிப் போனேன்.

அவிழவில்லை.
நகத்தால் நெம்பினேன்.
உப்பும் பாசியும் ஏறிக் கல்லாகியிருந்தது.
என்னையும் வலையென்று நினைத்ததோ என்னவோ,
நண்டு என் கட்டைவிரலைக் கவ்வியது.
அதன் கணக்கு சரிதான்.

ஐடா மலர் பிளேடு கொண்டுவந்தாள்.
"எவ கட்டுனாளோ, என்ன கட்டு இது" என்றாள்.
நான் வாய் திறக்கவில்லை.
அறுத்தேன்.
நண்டு நன்றி சொல்கிற சாதி இல்லை,
பக்கவாட்டில் போய் ஒரு வளைக்குள் மறைந்தது.

என் கொழுந்தன் ராஜாக்கமங்கலம் துறையில் வள்ளம் வைத்திருக்கிறான்.
வலை பாறையில் மாட்டினால் அறுத்துவிட்டு வருவான்,
காற்று முற்றினால் அதற்கும் நேரமிருக்காது.
அவனைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.
முடிச்சை இளக்கிக் கட்டவும்
இந்தக் கைக்குத் தெரியாது.

பதினொரு மணிக்குப் படம் எடுத்தார்கள்.
பேனர் நேராக இருந்தது, நாங்கள்தான் கோணல்.
கரையோரத்து வீட்டிலிருந்து ஒருத்தி
கட்டஞ்சாயா கொண்டுவந்து ஊற்றினாள்.
"போன வருசமும் ஒரு கூட்டம் வந்து
இப்பிடித்தான் கூட்டிப் போட்டுற்றுப் போச்சு.
அடுத்த மழைக்கு எல்லாம் திரும்ப ஆத்துலதான் கெடந்து.
நீங்க இத எங்க கொண்டு போவீய?"

யாருக்கும் பதில் தெரியவில்லை.
பேனரைத் திருப்பிப் பார்த்தோம்,
அதிலும் இல்லை.

வேனில் வலையை ஏற்றினோம்.
பாதிப் பேர் பஸ்ஸில் வந்தார்கள்.
ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் திறக்க
காவலாளி நேசையனுக்கு மனசில்லை.
திறந்தார். எடை போட்டார். நூற்றுப் பன்னிரண்டு கிலோ,
சேறு உள்பட.
பதிவேட்டைப் புரட்டினார்.
வெளியே போன வலைக்குப் பக்கம் பக்கமாகக் கணக்கு உண்டு,
உள்ளே வந்த வலைக்கு ஒரு கட்டம்கூட இல்லை.
கடைசித் தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு
'உள்வரவு' என்று எழுதினார்.

"அனுப்புனது யாரு?"
"பழையாறுன்னு போடும்" என்றான் சுயம்புலிங்கம்.
அப்படியே எழுதிவிட்டு
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தார்.
"பில்லு உண்டா?"

எல்லோரும் சிரித்தார்கள்.
நான் கட்டைவிரலைப் பார்த்தேன்.
நண்டு கவ்விய இடம்
நைலான் நிறத்தில் கன்றியிருந்தது.